இரண்டாவது கோடு

இருக்கிறதா இல்லையா என்று கேட்டால்
இல்லை என்கிறாள் பிரூத்தே.
கைப்பேசி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.
இளஞ்சிவப்பு. நகம் கீறியதுபோல.
ஜன்னலில் பிடித்துப் பார்க்க வழியில்லை.
இந்த நார்வே துறைமுகத்தில்
சூரியன் வர இன்னும் பதினெட்டு நாள்.

"கோடே இல்லை ரைமொண்டா, அழுக்கு."
அவளுக்கு இரண்டு மாத்திரை,
கழுத்தில் ஒரு கம்பளித் துணி, போதும்.
முப்பத்தெட்டரைக் காய்ச்சலோடு
ஒரே ஷிஃப்டில் நானூறு கிலோ காட் மீனுக்கு
முள்ளெடுத்தவள்.
பிள்ளை பெற்ற கதைபோல
நேரம் தப்பாமல் சொல்வாள் அதை.

வரிசையில் எனக்கு எதிரே நிற்கும் யோருன்
இந்த ஊர்க்காரி. மூக்கு ஒழுகினால் போதும்,
ஒரு குறுஞ்செய்தி, பிறகு போர்வை.
நாலாம் நாள் வருவாள்
கன்னம் தெளிந்து, புதிதாய்ப் பின்னிய காலுறையோடு.
சோம்பேறி என்போம் நாங்கள்
எங்கள் மொழியில், அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.
எங்களில் யாராவது இருமும்போது
ஓரடி தள்ளி நின்று
அவள் மொழியில் அவளும் ஏதோ சொல்வாள்.

மேற்பார்வையாளர் தெர்யேவிடம் இரண்டுக்கும் இடமுண்டு.
'உடம்பு சரியில்லையா, வீட்டிலேயே இருங்கள்'
என்ற தாளைச் சுவரில் ஒட்டியவர் அவர்.
ஆள் குறைந்த காலையில்
அதே தாளுக்குக் கீழே நின்று
"இப்போதெல்லாம் அது வெறும் சளிதானே?"
என்று கேட்டவரும் அவர்.

வீட்டிலேயே இரு.
எந்த வீட்டில்?
நாலு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு கெட்டில்.
நான் விடும் மூச்சு பிரூத்தேயின் தலையணையில் படும்.
போனால் நாற்பது பேருக்கு.
இருந்தால் மூன்று பேருக்கு.
கணக்குக்கு மூன்று சிறியதுதான்.
அந்த நாற்பதில் பாதிப் பேரின் பெயர்கூடத் தெரியாது எனக்கு.
இந்த மூன்றும்
என் கோப்பையில் மாற்றித் தேநீர் குடிப்பவர்கள்.

இன்னொரு கணக்கும் இருந்தது.
ஏஜென்சி வழியாக வந்து மூன்றே வாரம்,
படுத்தால் கூலியில்லை.
ஐந்து நாள் என்பது
என் மகள் ஔஸ்ராவின் மேல்வரிசைப் பல்கம்பி.

இருந்தேன்.
நல்லவள் என்பதால் என்று சொல்ல ஆசைதான்.
எழுந்து நின்றால் கால் எனக்குக் கீழே இல்லை,
அதுதான் விஷயம்.

மூன்றாம் நாள் பால் தீர்ந்தது.
இருட்டில் தட்டுத்தடுமாறிக் கடைக்குப் போய்
கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன்.
உள்ளே இங்குன்.
அவள் கணவருக்கு உள்ளே ஓடுவது
யாரோ ஒருவரின் சிறுநீரகம்.
ஊரே கழற்றிய பின்னும்
அவள் மட்டும் கழற்றவில்லை முகக்கவசத்தை.
என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.
பிறகு இரண்டு விரல்.
இரண்டு கோடு.

இரண்டு பால் என்று புரிந்துகொண்டாள்.

ஆளுக்கொரு கையில் பிள்ளைபோல் ஏந்திக்கொண்டு
கதவைத் திறந்து வந்தாள்.
நான் பின்னால் போனேன். அவள் முன்னால் வந்தாள்.
இன்னும் பின்னால். இன்னும் முன்னால்.
வாயில் வரமாட்டேன் என்றது அந்த ஒரு சொல்,
இருமல் வந்தது அதற்குப் பதிலாக.

நின்றுவிட்டாள்.
பனியில் இரண்டையும் வைத்தாள், மெல்ல.
காசு அப்புறம் என்பதுபோல்
கையை ஆட்டினாள். அல்லது
போ என்பதுபோல்.
கண் மட்டும் தெரியும் முகத்தில்
அதற்குமேல் படிக்க எனக்குத் தெரியவில்லை.
உள்ளே போய்க் கைப்பிடியைத் துடைத்தாள்,
நான் தொடாத கைப்பிடியை.

இரவு பிரூத்தே வந்தாள்.
மீன் நாற்றம், உடைந்த குரல்.
பூட்ஸைக் கழற்றாமலே கட்டிலில் சாய்ந்தாள்.
பாலைச் சுட வைத்துக் கொடுத்தேன்,
பக்கத்தில் மிச்சமிருந்த கிட்டையும் வைத்தேன்.
பாலைக் குடித்தாள்.
கிட்டை உறை பிரிக்காமல்
மேஜை இழுப்பறையில் போட்டாள்,
ஸ்பூன்களுக்கு அடியில்.

அலாரம் நாலரைக்கு வைத்தாள்.
"உனக்கும் வைக்கட்டுமா?" என்றாள்.